லாச்சப்பலில் எங்களுக்குச் சொந்தமானது எது?

"லாச்சப்பல் முடிஞ்சுது" என்று சொல்லாத ஆள் இப்போது குறைவு. கல்யாண மண்டபத்திலும் கேட்கலாம், செத்தவீட்டிலும் கேட்கலாம். சொல்பவர்கள் கையோடு சான்றும் வைத்திருப்பார்கள். அந்த நகைக்கடை பூட்டியாச்சு, இந்தப் புடவைக்கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள், மூலையில் இருந்த சாப்பாட்டுக்கடையை வேறு நாட்டுக்காரர் எடுத்துவிட்டார். காரணம் கேட்டால் இரண்டு பதில் வரும். "சனம் முன்னைப்போல வாறேல்லை" என்பது ஒன்று. "பிள்ளையள் கடையிலை நிக்கமாட்டினம்" என்பது மற்றது.

இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஒரு தெருவில் எந்தக் கடை நிற்கும், எது போகும் என்பதை இவை மட்டும் தீர்மானிப்பதில்லை. சனம் நிறைந்து வழிந்த கடையும் பூட்டப்பட்டிருக்கிறது. ஈயோட்டும் கடை இருபது வருடமாக அசையாமல் நிற்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் கடைக்காரரின் லாச்சிக்குள் கிடக்கும் ஒரு கடதாசியில் இருக்கிறது. அந்தக் கடதாசியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணக்கு வேலையில் இருப்பதால் அதை அடிக்கடி பார்க்கக் கிடைக்கிறது. அதற்குமேல் எனக்குத் தகுதியில்லை. தனிப்பட்ட சிக்கல் உள்ளவர்கள் சட்டத்தரணியிடம்தான் போகவேண்டும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். நாம் லாச்சப்பல் என்று சொல்லும் இடம் நகரசபையின் வரைபடத்தில் உள்ள லா சப்பல் அல்ல. அது புல்வார் து லா சப்பலுக்கு வடக்கே, 18ஆம் வட்டாரத்தில் இருக்கிறது. எங்கள் கடைகள் பெரும்பாலும் தெற்கே, 10ஆம் வட்டாரத்தில், ஃபோபூர் சென் தெனி வீதியின் மேல்முனையிலும் அதிலிருந்து பிரியும் காய், பெர்தொனே போன்ற சிறுவீதிகளிலும் இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு அரசாங்கப் பெயர் சென் வான்சான் து போல். எம்மவரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இறங்கிய மெத்ரோ நிலையத்தின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டோம். 1903இல் திறந்த அந்த நிலையம் மேம்பாலத்தின்மேல் நிற்கிறது. அதன் கீழே நின்று கதைத்தால் ரயில் போகும்போதெல்லாம் கதையை நிறுத்தித் தொடரவேண்டும்.

ஏன் இந்த இடம்? விடை பக்கத்திலேயே இருக்கிறது: கார் து நோர். மெத்ரோ 2, 4, 5, புறநகர் ரயில்களான பே, தே, ஒட்டினாற்போல் மஜான்தாவில் ஊ, இத்தனையும் நடந்துபோகும் தூரத்தில் சந்திக்கின்றன. 1983 யூலைக்குப் பிறகு பெருந்தொகையாக வந்திறங்கிய எமது பெடியள் தங்கியது எங்கே என்றாலும், வேலை செய்தது எந்த உணவகத்தின் சமையலறையில் என்றாலும், வீடு திரும்ப இந்தச் சந்தியைக் கடந்தாகவேண்டும். பின்னால் குடும்பங்கள் வந்தன. லா கூர்நேவ், சார்செல், பொபினி என்று வாடகை குறைந்த புறநகர்களில் குடியேறின. லாச்சப்பலில் எங்களில் மிகச்சிலரே குடியிருந்தார்கள். அது எங்களுக்குச் சந்தை, கோவில்வீதி, தபாற்கந்தோர், வேலை கேட்டுப் போகும் இடம். ஊரில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு பஸ் ஏறிப்போய்ச் சாமான் வாங்கித் திரும்பியதுபோல, இங்கே ரயில் ஏறி லாச்சப்பலுக்குப் போய்வந்தோம். சின்ன யாழ்ப்பாணம் என்ற பெயர் அந்த வகையில் பொருத்தமானதுதான்.

எங்களுக்கு முன்னே தமிழ் இங்கு இருந்ததையும் மறக்கக்கூடாது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் போன 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தவர்கள் பலர் பாரிசுக்கு வந்தார்கள். தெற்கே சற்று நடந்தால் வரும் பசாஜ் பிராடியில் இந்தியச் சாப்பாட்டுக்கடைகள் எழுந்தது எழுபதுகளில். லாச்சப்பலின் மேம்பாலத்தருகே இருக்கும் பூஃப் து நோர் அரங்கை பீற்றர் புரூக் 1974இல் மீண்டும் திறந்தார். 1985இல் அவிஞ்ஞோன் விழாவில் அவர் அரங்கேற்றிய ஒன்பது மணிநேர மகாபாரதம் பிறகு இந்த அரங்கிலும் நடந்தது. ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்ற துரியோதனனை உள்ளே நடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், வெளியே எம்மவர் ஒரு சின்னக் கடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கியதும் அதே 1985இல்தான்.

அப்போது முளைத்த கடைகளில் பல இன்று இல்லை. ஆனால் அவை போன விதம் வேறுவேறு. இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். தொலைபேசி அட்டைக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு இணைப்பே இல்லாத காலத்தில் கொழும்பு லொட்ஜில் தங்கியிருக்கும் அம்மாவோடு கதைக்க, பெட்டிபோன்ற அறைக்குள் நின்று நிமிடத்தை எண்ணிக் காசு கொடுத்தோம். வீடியோக் கசட் வாடகைக்கடை, பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை, படம் கழுவும் கடை எல்லாமே அந்த வகைதான். அவற்றைக் கைத்தொலைபேசி கொண்டுபோனது. அதில் லாச்சப்பலுக்கென்று தனித்துயரம் இல்லை, பிரெஞ்சுக்காரரின் வீடியோக்கடையும் போய்விட்டது. இரண்டாவது வகை மரக்கறியும் பலசரக்கும். முருங்கைக்காய், இராசவள்ளிக்கிழங்கு, பனங்கட்டி வாங்க ஒருகாலம் இங்குதான் வரவேண்டும். இன்று லா கூர்நேவில் வாகனத்தை நிறுத்தி அரிசி மூட்டையை நேரே ஏற்றலாம். பத்துக்கிலோவைத் தோளில் சுமந்து படியிறங்க யார் வருவார்?

எஞ்சியிருப்பவை ஆட்கள் நேரில் வந்து பார்க்காமல் வாங்காத பொருட்கள்: தாலிக்கொடி, கூறைச்சேலை. அவற்றோடு வயிற்றுப் பசி. பின்னேரம் ஐந்து மணிக்கு றோல்சும் பற்றீசும் தேத்தண்ணியுமாகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தில் இப்போது பாதிப்பேர் வங்காளதேசத்தவர், மொரிசியசுக்காரர், பக்கத்து அலுவலகத்துப் பிரெஞ்சுக்காரர். கொத்துரொட்டிச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இந்தக் கடைகளுக்கு ஆள் குறையவில்லை. ஆனால் இவற்றிலும் சில கைமாறுகின்றன. இங்கேதான் கடதாசி வருகிறது.

ஒருவர் "கடை வாங்கிட்டன்" என்று சொன்னால் அவர் உண்மையில் வாங்கியது என்ன? அநேகமாகச் சுவரை அல்ல. சுவர் இன்னொருவருடையது. அவர் வாங்கியது ஃபோன் து கொமெர்ஸ் எனப்படும் வியாபாரத்தை: கடையின் பெயர், வாடிக்கையாளர், தட்டுமுட்டுச் சாமான், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடத்தில் இருக்கும் உரிமை. அந்த உரிமையைத் தருவது வர்த்தக வாடகை ஒப்பந்தம். பிரெஞ்சில் அதன் பெயர் எங்கள் காதில் 'பாய்' என்றே விழும். விரித்துப் படுக்கும் பாயில்லை, ஆனால் பலர் அதில் படுத்து நித்திரை கொண்டுவிடுகிறார்கள் என்பதுதான் எனது முறைப்பாடு.

உள்ளே வரும்போது கொடுத்த பெருந்தொகையும் இருவகை. கட்டட உரிமையாளருக்குக் கொடுத்தால் அது பா து போர்த். கொழும்பில் 'கீ மணி' என்போமே, அதன் உறவினர். முன்பிருந்த கடைக்காரருக்குக் கொடுத்தால் அது அவரின் வாடகை உரிமையை வாங்கிய விலை. முதலாவது போனால் போனதுதான். இரண்டாவதை, பாய் ஒழுங்காக இருந்தால், நீங்களும் போகும்போது இன்னொருவருக்கு விற்கலாம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் எம்மவர் இந்தத் தொகையைச் சீட்டுக்கட்டித்தான் சேர்த்தார்கள். வங்கி எங்களை ஏறெடுத்தும் பார்க்காத காலம். இருபது பேரின் கோப்பை கழுவிய காசு ஒருவர் கையில் சேர்ந்து ஒரு கடையானது. ஆகவே அந்தக் கடதாசியில் இருப்பது ஒருவரின் சொத்து மட்டுமல்ல.

பிரான்சில் கடை வாடகைக்காரருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பல நாடுகளில் இல்லாதது. 1953 செப்டெம்பர் 30 ஆணையிலிருந்து வந்த அந்த விதிகள் இப்போது வர்த்தகச் சட்டக்கோவையில் இருக்கின்றன. ஒப்பந்தம் குறைந்தது 9 ஆண்டு. கடைக்காரர் விரும்பினால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஆறு மாத அறிவித்தலுடன் விட்டுப்போகலாம்; கட்டட உரிமையாளருக்கு அந்தச் சுதந்திரம் சில குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே. 9 ஆண்டு முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. புதுப்பிக்கும்போது வாடகை, சாதாரணமாக, அரச புள்ளிவிபர நிறுவனம் மூன்று மாதத்துக்கொருமுறை வெளியிடும் வர்த்தக வாடகைச் சுட்டெண் ஏறிய அளவுக்குத்தான் ஏறலாம். அயலில் சந்தை வாடகை இரட்டிப்பாகியிருந்தாலும் உங்களுடையது மெல்லத்தான் ஏறும். ஈயோட்டும் கடை நின்றுபிடிப்பதன் இரகசியம் இதுதான். அதன் வாடகை வேறொரு காலத்தின் வாடகை.

இனி நித்திரையின் கதை. 9 ஆண்டு முடிகிறது. கட்டட உரிமையாளர் எதுவும் எழுதவில்லை, கடைக்காரரும் எழுதவில்லை. ஒப்பந்தம் தானாகவே நீண்டு செல்கிறது, பழைய வாடகையோடு. கடைக்காரருக்கு மகிழ்ச்சி. "நாங்கள் வாயைத் திறந்தால்தான் அவன் வாடகையை ஏத்துவான், பேசாமல் இருப்பம்" என்பது லாச்சப்பலில் நிலவும் பெரிய ஞானம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆண்டு ஓடுகிறது. மொத்தக் காலம் 12 ஆண்டைத் தாண்டிய நாளில் சுட்டெண் என்ற மூடி கழன்றுவிடுகிறது. அதன்பின் புதுப்பிக்கும்போது உரிமையாளர் சந்தை வாடகையைக் கேட்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தது நீங்கள் மட்டுமல்ல, அவரும்தான். அவர் ஏன் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கும்.

உதாரணத்துக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். 2012 சனவரி 1இல் தொடங்கிய பாய். இன்றைய வாடகை மாதம் 1,900 யூரோ. அயலில் அதேயளவு கடைக்குச் சந்தை வாடகை 3,500. 2020 இறுதியில் 9 ஆண்டு முடிந்தது, யாரும் எழுதவில்லை. 2023 டிசெம்பர் 31உடன் 12 ஆண்டும் முடிந்தது. அதன்பின் உரிமையாளர் ஆறு மாத அவகாசத்தோடு புதுப்பித்தல் அறிவித்தல் அனுப்புகிறார், 3,500 கேட்டு. மாதம் 1,600 கூடுகிறது, வருடத்துக்கு 19,200. அந்தக் கடை வருடத்துக்கு 30,000 யூரோ இலாபம் காட்டுவதாக இருந்தால் மிஞ்சுவது 10,800. அதில் குடும்பம் ஓடாது. சனம் நிறைந்த கடை பூட்டப்படுவது இப்படித்தான். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இரும்புக்கதவு மட்டும் தெரியும்.

வாடகை திடீரென ஏறும் சில சந்தர்ப்பங்களில் வருடத்துக்கு 10 வீதத்துக்குமேல் ஏற்றக்கூடாது என்று 2014 யூன் 18 சட்டம், அமைச்சர் பினெலின் பெயரால் அறியப்படுவது, ஒரு தடுப்பைப் போட்டது. நல்ல விடயம். ஆனால் பேசாமலிருந்து 12 ஆண்டைத் தாண்டியவருக்கு அந்த 10 வீதச் சலுகை பொருந்தாது. முழு ஏற்றமும் ஒரேயடியாக விழும். மருந்து மலிவானதுதான். ஒன்பதாம் ஆண்டு முடிய முந்திய ஆறு மாதத்துக்குள், அல்லது நீட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது 12 ஆண்டு நெருங்க முன்னரே, புதுப்பிக்கும்படி கேட்டுப் பதிவுத்தபால் அனுப்பலாம். அல்லது முன்பு உய்சியே என்று அழைத்த, இப்போது கொமிசேர் து ஜுஸ்தீஸ் எனப்படும் அலுவலர்மூலம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் மறுமொழி தராவிட்டால் புதுப்பிக்கும் கொள்கைக்குச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். புதிய 9 ஆண்டு தொடங்கும், மூடியும் இடத்தில் இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தொடக்கத் திகதி இருக்கும். 2014 செப்டெம்பர் 1இல் தொடங்கியதாக இருந்தால் 2026 ஓகஸ்ட் 31உடன் 12 ஆண்டு.

மூடி கழல இன்னொரு வழியும் உண்டு, அதுவும் தெருவில் கண்முன்னே நடப்பது. அயலின் வியாபாரச் சூழல் குறிப்பிடத்தக்க அளவு மாறிவிட்டது, அந்த மாற்றம் இந்தக் கடைக்கு நன்மை தருகிறது என்று உரிமையாளர் காட்டினால், சுட்டெண்ணைத் தாண்டிக் கேட்கலாம். (இந்த வழியில் வரும் ஏற்றத்துக்கு 10 வீதத் தடுப்பு உண்டு.) அதனால்தான் பாதை திருத்துவது, நிலையம் கட்டுவது எல்லாம் எங்களுக்கு வெறும் வேடிக்கையில்லை. கார் து நோரைப் பென்னாம்பெரிய கடைத்தொகுதியாக்கும் திட்டம் 2021 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அது நடந்திருந்தால் ஃபோபூர் சென் தெனி வீதியில் எத்தனை வாடகைக் கடிதங்கள் வந்திருக்கும் என்று நினைத்துப்பார்க்கலாம். வடக்கே, போர்த் து லா சப்பலில் 2024 பெப்ரவரியில் 8,000 பேர் கொள்ளும் அடிடாஸ் அரங்கு திறந்தது. அந்த ஆண்டு ஒலிம்பிக்கின் பட்மின்ரன் அங்கேதான் நடந்தது. அதைக் காட்டி ஒருவர் வாடகை கூட்டக் கேட்டால் கடைக்காரர் பயப்படத் தேவையில்லை. பட்மின்ரன் பார்க்க வந்தவர் முருங்கைக்காய் வாங்கிப்போனார் என்று நிரூபிக்கவேண்டியது கேட்பவரின் பாடு.

சரி, உரிமையாளர் புதுப்பிக்கவே மறுத்தால்? மறுக்கலாம். ஆனால் வெளியேற்ற இழப்பீடு கொடுக்கவேண்டும். கடைக்காரர் அந்த வியாபாரத்தை இழந்தால் அதன் சந்தைப் பெறுமதி, இடம் மாறும் செலவு உட்பட, பெருந்தொகை வரும். அது கைக்கு வரும்வரை கடையிலேயே இருக்கலாம். உரிமை கோர இரண்டு ஆண்டு எல்லையுண்டு, அதைக் கடந்தால் ஒன்றுமில்லை. நல்ல சட்டம். இனி எழுதப்போவது சிலருக்குக் கசக்கும்.

அந்தப் பெறுமதியை எதை வைத்துக் கணிப்பார்கள்? வழக்கமாகக் கடைசி மூன்று ஆண்டுக் கணக்குகளை வைத்து. கணக்கில் எழுதிய விற்பனையை வைத்து. காசாக வாங்கி லாச்சிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன விற்பனை அந்தக் கணிப்பில் கிடையாது. வருடம் 300,000 விற்கும் கடை 180,000 என்று எழுதினால், வெளியேறும் நாளில் அது 180,000 விற்கும் கடைதான். கடையை விற்கப்போனாலும் அப்படியே. வாங்குபவருக்கு வங்கி கடன் கொடுப்பது கணக்கைப் பார்த்துத்தான். "மிச்சத்தைக் கையில தாறன்" என்பார் வாங்குபவர். குடியியல் சட்டக்கோவையின் 1202ஆம் பிரிவின்படி, வியாபாரத்தையோ வாடகை உரிமையையோ விற்கும்போது விலையின் ஒரு பகுதியை மறைக்கும் உடன்பாடு செல்லாது. அவர் தராமல் விட்டால் எந்த நீதிமன்றத்திலும் கேட்கமுடியாது.

ஓய்வூதியமும் இதே கதைதான். ஒரு காலாண்டு கணக்கில் சேர, மணிக்கான குறைந்தபட்சச் சம்பளத்தின் 150 மடங்கு வருமானமாவது அறிவித்திருக்கவேண்டும். முப்பது வருடம் விடிய ஆறு மணிக்குக் கதவு திறந்தவருக்கு, கடதாசியில் பதினைந்து வருடத்துக்கும் குறைந்த காலாண்டுகள் இருப்பதை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் அடிக்கடி காண்கிறோம். வரியை மிச்சம்பிடித்தவர் கெட்டிக்காரர் என்று நாங்களே ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

இழப்பீடே இல்லாமல் வெளியேற்றப்பட வழிகளும் உண்டு. பெரும்பாலும் சின்ன விடயங்கள். கடையின் ஒரு மூலையைத் தெரிந்த பெடியனுக்குத் தொலைபேசி மேசை போட விட்டு மாதம் ஏதோ வாங்குவோம். வெள்ளிக்கிழமை வாசலில் பூ விற்க இன்னொருவருக்கு இடம் கொடுப்போம். உரிமையாளரின் அனுமதியில்லாமல் வாடகைக்கு விட்டால் அது உப குத்தகை, ஒப்பந்த மீறல். காபிஸ் எனப்படும் வர்த்தகப் பதிவு தம்பியின் பெயரில், பாய் அண்ணனின் பெயரில், கடையில் நிற்பது மைத்துனர் என்றிருந்தால் புதுப்பிக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். பலசரக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்க, பின்னால் அடுப்பு மூட்டி கொத்து போடத் தொடங்குவதும் அப்படியே. தொடர்புள்ள புதிய தொழிலைச் சேர்க்கலாம். ஆனால் முன்கூட்டியே முறைப்படி அறிவிக்கவேண்டும், உரிமையாளருக்கு மறுக்க இரண்டு மாதம் உண்டு. புகைபோக்கி வைப்பதற்கு மாடியில் வசிப்பவர்களின் கூட்டுரிமைச் சபையும் சம்மதிக்கவேண்டும். பாரிசில் புகைபோக்கியுள்ள கடைக்கும் இல்லாத கடைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வருவது அதனாலேயே.

இப்போது பிள்ளைகள் விடயத்துக்கு வருவோம். பிள்ளை கடைக்கு வரவில்லை என்பதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வங்கியில் இருக்கவேண்டும், ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்றுதானே விடிய எழும்பினோம். கேள்வி, தகப்பன் ஓய்வெடுக்கும்போது கடை யாருக்குப் போகிறது என்பது. இங்கே பிரெஞ்சுச் சட்டம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. ஓய்வூதியம் எடுக்கும் கடைக்காரர் தனது பாயை வேறு தொழில் செய்பவருக்கும் விற்கலாம், ஒப்பந்தத்தில் பலசரக்கு என்று மட்டும் இருந்தாலும்கூட. என்ன தொழில், என்ன விலை என்று உரிமையாளருக்கு முறைப்படி அறிவிக்கவேண்டும். அதே விலையில் தானே வாங்கிக்கொள்ள அவருக்கு இரண்டு மாத முன்னுரிமை உண்டு.

இதன் விளைவைத் தெருவில் காணலாம். பலசரக்குக்காரரின் பாயை இன்னொரு பலசரக்குக்காரர் எடுத்தால் ஒரு விலை. நகம் அலங்கரிக்கும் கடையோ, கோப்பிக்கடையோ, கைத்தொலைபேசிக்கடையோ எடுத்தால் வேறு விலை. கூடத் தருபவருக்கு விற்பார். இது லாச்சப்பலைத் துரோகம் செய்வது என்று கதைப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலாண்டு குறைந்த ஓய்வூதியத்தோடு போகிறவருக்கு அந்தக் கடதாசி ஒன்றுதான் முதுமைக்கான சேமிப்பு. தேர் போகும் வீதி தமிழாக இருக்கவேண்டும் என்பதற்காக அவரைக் குறைந்த விலைக்கு விற்கச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? தமிழ்க்கடையாகவே இருக்கவேண்டுமென்றால் இன்னொரு தமிழர் அந்த விலையைக் கொடுக்கவேண்டும். அதற்கு வங்கிக்கடன் வேண்டும், கடனுக்கு நேர்மையான கணக்கு வேண்டும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அது ஒரே கணக்குத்தான்.

விற்பவர் திகதிகளையும் பார்க்கவேண்டும். தனிப்பெயரில் ஐந்து ஆண்டாவது நடத்திய வியாபாரத்தை, ஓய்வூதியம் எடுப்பதற்கு முந்திய அல்லது பிந்திய இரண்டு ஆண்டுக்குள் விற்றால், இலாபத்துக்கு வருமானவரி விலக்குக் கிடைக்க வழியுண்டு; சமூகக் கழிவுகள் மட்டும் நிற்கும். நிறுவனமாக நடத்துபவர்களுக்கு விதி வேறு. வாங்குபவர் கட்டும் பதிவு வரி முதல் 23,000 யூரோவுக்கு இல்லை, அதிலிருந்து 200,000 வரை 3 வீதம், அதற்குமேல் 5 வீதம். கடையைச் சும்மா பூட்டித் திறப்பைக் கையளித்தால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை, விலையும் இல்லை. களைத்துப்போய் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் சீட்டுக்காசில் வாங்கிய உரிமையை ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, சுவர். எம்மவரில் சிலர் தாங்கள் வாடகைக்கிருந்த சுவரையே வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே எழுதியதில் முக்கால்வாசி தேவையில்லை. தாங்கள் ஓய்ந்தபின் இன்னொரு தமிழ்ப் பெடியனுக்கு நியாயமான வாடகைக்குக் கொடுக்கவும் அவர்களால் முடிகிறது. காய் வீதியிலோ ஃபோபூர் சென் தெனியிலோ இன்று சுவர் வாங்குவது சாதாரண விடயமில்லை என்று தெரியும். ஆனால் 2014 சட்டம் தந்த ஒரு உரிமையைப் பலர் அறியவில்லை. உரிமையாளர் நீங்கள் இருக்கும் கடையை விற்க நினைத்தால், சில விதிவிலக்குகள் தவிர (தன் பிள்ளைக்கு விற்பது, பல கடைகளை ஒன்றாக விற்பது போன்றவை), முதலில் உங்களுக்கு விலையை எழுதி அறிவிக்கவேண்டும். மறுமொழி சொல்ல ஒரு மாதம். சம்மதித்தால் உறுதி எழுத இரண்டு மாதம், கடன் எடுக்கப்போவதாக எழுதினால் நான்கு மாதம். அந்த அறிவித்தல் பெரும்பாலும் பதிவுத்தபாலில், கடை முகவரிக்கு, பிரெஞ்சில் வரும். கையெழுத்திட ஆளில்லாவிட்டால் தபாற்காரர் ஒரு துண்டை விட்டுப்போவார். தபாற்கந்தோர் கடிதத்தை 15 நாள் வைத்திருக்கும்.